பச்சை ஓட்டலும் எங்கள் கிணறும்

முப்பத்தாறு அறைகளிலும் அந்த அட்டையை என் கையால்தான் வைத்தேன். ஆங்கிலத்தில் அச்சடித்து, ஓரத்தில் ஒரு இலையும் ஒரு சொட்டுத் தண்ணீரும் வரைந்திருந்தார்கள். "பூமியைக் காப்பாற்ற உதவுங்கள். துண்டை மறுபடியும் உபயோகிப்பதாக இருந்தால் கம்பியில் தொங்கவிடுங்கள். துவைக்க வேண்டுமென்றால் தரையில் போடுங்கள்." நான் பத்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படித்து அர்த்தம் புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அன்று காலை எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு குடம் தண்ணீர். துண்டு துவைத்துப் பதினெட்டு நாளாகியிருந்தது. அப்படிப் பார்த்தால் மைசூரிலேயே பூமியை அதிகம் காப்பாற்றிக்கொண்டிருந்தவள் நான்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. சாமுண்டி மலைக்குப் போகும் ரோட்டில் ஒரு பழைய பங்களாவை வாங்கி, சுற்றிலும் ஓலை வேய்ந்த குடில்கள் கட்டி, அதைச் சுற்றுச்சூழலுக்கு இதமான ஓட்டல் என்று விளம்பரப்படுத்தினார் முதலாளி. ஊரில் எல்லோரும் பச்சை ஓட்டல் என்பார்கள். அதன் பின்சுவரை ஒட்டி எங்கள் லைன். ஒரே கூரையின் கீழ் இருபத்திரண்டு வீடுகள். எல்லாம் தமிழ்க் குடும்பங்கள். சேலம், தர்மபுரிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள் பாதி. நான் கொள்ளேகால் பக்கத்து மார்டள்ளியிலிருந்து கல்யாணமாகி வந்தவள். வீட்டுக்காரர் கொத்தனார். லைனிலிருந்து ஓட்டலுக்கு வேலைக்குப் போன பெண்கள் ஐந்து பேர். அறைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு.

முதலாளியும் தமிழ்க்காரர்தான். 'நம்ம ஜனம்' என்றுதான் எங்களை வேலைக்கு எடுத்தார். அந்த வார்த்தையை நம்பி ஒரு வருஷம் அவருக்கு நல்லெண்ணெய் விளக்கு ஏற்றாத குறையாக வேலை செய்தேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

லைனுக்குப் பொதுவாக ஒரு கிணறு இருந்தது. நான் வந்த புதிதில் மாசி மாதத்தில்கூடப் பத்து முழம் கயிறு விட்டால் குடம் முங்கும். ஓட்டலுக்கு முன்னால் புல்வெளி போட்ட வருஷம், முதலாளி எங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம் போர் போட்டார். நாலு நாள் அந்த மிஷின் பூமியைக் குடைந்தது, சுவரோடு சுவராக எங்கள் பாத்திரங்களும் ஆடின. அடுத்த தை மாதம் கிணற்றில் கயிறு எட்டவில்லை. மாசியில் குடம் தரையில் தட்டிச் சேற்றோடு வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பகல் முழுக்க 'சிக் சிக் சிக்' என்று சுற்றிச் சுற்றித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தது ஒரு கருவி. விருந்தாளிகள் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் புல்லில் நடந்து, ஆகா என்பார்கள். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்.

ஏன் போய்க் கேட்கவில்லை என்று என் மகள் இன்றைக்கும் கேட்கிறாள். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? காவிரிக் கலவரம் ஓய்ந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. அந்த நாட்களில் லைனில் விளக்கு ஏற்றாமல், பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே போனால் கன்னடத்தில்தான் இருமுவோம் என்று கேலி பேசுவார் என் வீட்டுக்காரர். மைசூரில் நின்றுகொண்டு தமிழ் வாயால் 'எங்களுக்குத் தண்ணி வேணும்' என்று கேட்பதா? கார்ப்பரேஷன் ஆபீஸ் வாசல் வரைக்கும் போய் இரண்டு முறை திரும்பி வந்திருக்கிறோம். இருபத்திரண்டு வீட்டிலும் ஒருத்திக்கும் வாய் வரவில்லை. எங்களுக்கு வாய் வராது என்று முதலாளிக்கும் தெரியும். அவரும் தமிழர்தானே.

யார் யார் எதற்காக அந்த ஓட்டலைத் தேடி வந்தார்கள் என்று கேட்டால் நான் சொல்வேன். படுக்கை விரிப்பவளுக்குத் தெரியாத ரகசியம் கிடையாது. சிலருக்கு ஊரில் போய்ப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும், அவர்கள் அந்த அட்டையைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போவார்கள். சிலர் கையில் வைத்திருக்கும் புத்தகத்தில் எழுதியிருந்தது என்று வருவார்கள். சிலருக்குச் சத்தம் ஆகாது, டிவி இல்லாத அறை வேண்டும். இன்னும் சிலர் பார்க்கப் பாவமாக இருப்பார்கள், எதையோ செய்துவிட்டு அதற்குப் பரிகாரம் தேடுகிறவர்கள் மாதிரி விளக்கை அணைத்து அணைத்து வைப்பார்கள். துண்டை ஒழுங்காகக் கம்பியில் தொங்கவிடுகிற அதே ஆள் ஒரு நாளைக்கு ஆறு பாட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்து, காலி பாட்டிலைக் கூடையில் போட்டு வைப்பார். அவர்கள் மிச்சம் பிடித்துக் கொடுத்த தண்ணீரெல்லாம் புல்லுக்குப் போனது அவர்களுக்குத் தெரியாது. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பதுதான் முதலாளியின் பக்தி.

அந்தக் காலி பாட்டில்கள் எங்களுக்குக் கைகொடுத்தன. மாசி பிறந்ததும் நாங்கள் ஐந்து பேரும் ஆளுக்கு ஏழெட்டுப் பாட்டிலில் தோட்டக் குழாயில் தண்ணீர் பிடித்து, பையில் போட்டுக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்குப் போவோம். வாசலில் இருந்த காவல்காரருக்குத் தெரியும். அவரும் பிள்ளைகுட்டிக்காரர், பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார்.

ஒரு நாள் ஐந்து மணிக்கு வாசலில் காவல்காரருக்குப் பதிலாக முதலாளியே நின்றிருந்தார்.

"ஏம்மா, பையில என்ன?"

"தண்ணிங்க சார். குடிக்கத்தான். கெணத்துல சுத்தமா இல்லீங்க."

"வேண்டாம்மா, இதெல்லாம் பேடா. இங்க இருக்கற தண்ணி கெஸ்ட்டுக்கு. லைனுக்கு இல்ல. ஊத்திட்டு பாட்டில வெச்சுட்டுப் போ."

அவரே ஊற்றியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. என்னை ஊற்றச் சொன்னார். மற்ற நாலு பேரும் பார்த்துக்கொண்டு நிற்க, ஒவ்வொரு பாட்டிலாகத் திருகித் திறந்து அந்தப் புல்லின்மேல் கவிழ்த்தேன். எட்டு பாட்டில். கடைசிப் பாட்டில் காலியாகும் வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்புறம், எனக்கு ஆறுதல் சொல்கிறவர் மாதிரி, "எல்லாரும் எடுத்தா ஓட்டல் பேரு என்னாகும், நீயே சொல்லு" என்றார். புல் ஏற்கெனவே ஈரமாகத்தான் இருந்தது.

வீட்டுக்குப் போய் அழவில்லை. அழுகைக்குக்கூடத் தண்ணீர் வேண்டும். அன்றைக்கு நெஞ்சில் ஒன்றை முடிந்து வைத்தேன். இந்த ஆளின் பேரை, இவர் இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றுகிற அந்தப் பேரை, நான் கவிழ்க்க வேண்டும். கிணற்றுக்குத் தண்ணீர் வர வேண்டும். இரண்டில் எது முதலில் என்று கேட்டிருந்தால் அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்காது.

பதினைந்து நாளில் வழி கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா தனியாக வந்து தங்கினார். இப்படிப்பட்ட ஓட்டல்களைத் தேடிப் போய்ப் பார்த்து, அவர்கள் ஊர்ப் பயணிகள் சங்கம் போடும் சிறு புத்தகத்தில் எழுதுகிறவர். அதில் பேர் வந்தால் வருஷம் முழுக்க ஆள் வரும் என்று முதலாளி எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும் என்பதால் அந்த அறையை என்னிடமே ஒப்படைத்தார். நுணலும் தன் வாயால் கெடும்.

அந்த அம்மாவைப் போலி என்று சொல்ல முடியாது. துண்டு அஞ்சு நாள் கம்பியிலேயே இருந்தது. உள்பாவாடையை அரை வாளித் தண்ணீரில் தானே அலசி, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவார். கொதிக்க வைத்த தண்ணீரைக் கேட்டு வாங்கிப் பித்தளைக் குடுவையில் வைத்துக்கொள்வார். ஒரு காலை நான் அறை கூட்டும்போது, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ஏன் இந்த மாதிரி ஓட்டலுக்கே வருகிறீர்கள் என்று கேட்டேன். நிறுத்தி நிறுத்தி எனக்குப் புரியும்படி பதில் சொன்னார்.

"எனக்கு ஊர் சுற்றாமல் இருக்க முடியாது. நான் போகும் இடத்திலெல்லாம் யாருடைய தண்ணீரையோ குடிக்கிறேன், யாருடைய விறகிலோ குளிக்கிறேன். நான் கிளம்பிய பிறகு அவர்கள் என்னைச் சபிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

கையில் துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். சபித்துக்கொண்டிருந்தவள் நான்தானே. அந்த நிமிஷம் உண்மையைச் சொல்லியிருக்கலாம், நல்லவள் என்றால் சொல்லியிருப்பாள். எனக்கு அது போதாது என்று தோன்றியது. சொன்னால் வருத்தப்படுவார், முதலாளியைக் கேட்பார், அவர் ஏதாவது சொல்லிச் சமாளிப்பார். வாயால் சொல்வது காதோடு போய்விடும். தொண்டையில் போய் நிற்க வேண்டும்.

மைசூர்ப் பக்கம் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் ஒரு துண்டு வெல்லமும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுப்பார்கள். வெயிலில் வந்தவர்கள் வெல்லத்தைக் கடித்துத் தண்ணீர் குடித்தால் களைப்பு போகும். கன்னடக்காரர்களிடமிருந்து நாங்களும் பழகிக்கொண்டோம். இதைத்தான் முதலாளி ஓட்டலில் ஒரு வேடிக்கையாக ஆக்கியிருந்தார். காரிலிருந்து இறங்குகிற ஒவ்வொருவருக்கும் பித்தளைத் தட்டில் வெல்லமும் தண்ணீரும், பக்கத்தில் ஒரு செம்பருத்தி. அந்த அம்மாவுக்கும் வந்த அன்று கொடுத்தோம். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய் நோட்டில் எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், மஞ்சள் குங்குமம் வாங்கிக்கொள்ள எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டேன். சந்தோஷமாக வந்தார். பின்சுவரில் இருந்த சிறு கதவு வழியாக நாலே எட்டில் லைன். உச்சி வெயில். முறத்தைத் துடைத்து, அதில் மஞ்சள், குங்குமம், ஒரு பெரிய அச்சு வெல்லத் துண்டு, பளபளவென்று தேய்த்த டம்ளர். டம்ளரைத் தேய்க்கச் சாம்பல் மட்டும்தான், தண்ணீர் தொடவில்லை.

அவர் வெல்லத்தை முழுசாக வாயில் போட்டுக் கடித்தார். டம்ளரை எடுத்து வாயில் கவிழ்த்தார். ஒன்றும் வரவில்லை. உள்ளே பார்த்தார், என்னைப் பார்த்தார். வாசலில் மற்ற வீட்டுப் பெண்களும் காலிக் குடத்தோடு நின்றிருந்தார்கள், நான்தான் நிற்கச் சொல்லியிருந்தேன். வெல்லம் தொண்டையில் ஒட்டிக்கொண்டு அவருக்கு இருமல் வந்தது. கண்ணில் நீர் வரும் வரை இருமினார். கையால் தண்ணீர், தண்ணீர் என்று சைகை காட்டினார்.

அடுப்புக்குப் பின்னால் மூடி வைத்த சட்டியில் அரைச் சட்டி தண்ணீர் இருந்தது. பிள்ளைகளுக்கு வைத்திருந்தேன். தாகத்துக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்வது பாவம் என்று எனக்குத் தெரியும். "நோ வாட்டர்" என்றேன். சொன்னபோது என் வயிறு குளிர்ந்தது, அதை மறைக்க மாட்டேன். அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. ஆனால் அன்றைக்கு அவருடைய தொண்டைதான் என் கைக்குக் கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரிதான் பொறுக்காமல் உள்ளே போய் அந்தச் சட்டியை எடுத்து வந்து கொடுத்தாள். அவர் இரண்டே மடக்குக் குடித்தார். மிச்சத்தைப் பத்திரமாக அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

அப்புறம் கிணற்றைக் காட்டினேன். அடியில் காய்ந்து வெடித்த சேறும் ஒரு ஓட்டைக் குடமும் கிடந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் 'சிக் சிக் சிக்' என்று கேட்டுக்கொண்டிருந்தது. அந்த அம்மா அதைத் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

சாயங்காலம் அறையைக் காலி செய்துவிட்டார். முதலாளி வராந்தாவில் ஓடி ஓடிச் சமாதானம் சொன்னார். அந்த அம்மா குரலை உயர்த்தவே இல்லை. அறையிலிருந்த அட்டையை முதலாளியின் கையில் வைத்து, "இதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார். முதலாளி திரும்பி என்னைத் தேடிய பார்வை இருக்கிறதே, அதற்காக இன்னும் எட்டு பாட்டில் தண்ணீரை ஊற்றியிருப்பேன். "நாளையிலிருந்து அஞ்சு பேரும் வராதீங்க" என்றார். சரி என்றேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

சித்திரையில் வெளிநாட்டுக் கூட்டம் வேறு ஓட்டல்களுக்குத் திரும்பிவிட்டது என்று காவல்காரர் சொன்னார். ஆனியில் ஒரு நாள் முதலாளியே எங்கள் லைனுக்கு வந்தார், வெள்ளைச் சட்டையில், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு. அந்தச் சங்கம் அவருக்குக் கடிதம் எழுதியிருந்தது. பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தால் மறுபடி வந்து பார்ப்போம், கொடுத்தீர்களா என்று அந்தப் பெண்ணிடமே கேட்டுக்கொள்வோம் என்று. அந்தப் பெண் நான்.

"என்ன வேணும் சொல்லும்மா" என்றார்.

"கொழாய் வேணுங்க. எங்க அஞ்சு பேருக்கும் மறுபடி வேலை வேணுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

பத்து நாளில் குழாய் வந்தது. லைனுக்கு நடுவில், சிமெண்ட் மேடையோடு. முதல் குடத்தை அவரையே பிடிக்கச் சொன்னேன். குனிந்து பிடித்தார், கால்சட்டை நனைந்தது, பெண்கள் சிரித்தார்கள். பழி தீர்ந்தது என்று நினைத்தேன். அங்கேதான் நான் முட்டாளானேன். குழாய் எங்கள் பக்கம், அதைத் திறந்து மூடும் வால்வு சுவருக்கு அந்தப் பக்கம்.

சங்கத்திலிருந்து ஆள் வந்து என்னிடம் கேட்டார், தண்ணீர் வருகிறது என்றேன். சங்கத்தின் புத்தகத்தில் ஓட்டல் பேர் வந்தது. தன் தண்ணீரை ஏழைகளோடு பகிர்ந்துகொள்ளும் ஓட்டல் என்று. அதற்கப்புறம் வந்த கூட்டம் முன்னால் வந்ததைவிட இரண்டு மடங்கு. அதைப் படித்துவிட்டுத்தான் வந்தோம் என்பார்கள். எல்லோருக்கும் குழாயைப் பார்க்க வேண்டும், எங்களைக் குடத்தோடு படம் பிடிக்க வேண்டும். முதலாளி என் தோளுக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். யாராவது தவறாமல் என்னிடம் கேட்பார்கள்: உங்கள் முதலாளி நல்லவரா?

முதல் தடவை கேட்டபோது, பாட்டில் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் முதலாளி சிரித்துக்கொண்டே அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் குழாயில் காற்றுதான் வந்தது. அதற்கு மறுநாளும். இருபத்தொரு வீட்டுப் பெண்களும் என் வாசலில் குடத்தோடு வந்து நின்றார்கள். என்னைத் திட்டவில்லை. "உன் வாயால கெட்டோம், உன் வாயாலயே சரி பண்ணுக்கா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. மூன்றாம் நாள் ஒரு கூட்டத்துக்கு முன்னால் நான் "குட் மேன்" என்றேன். மத்தியானம் தண்ணீர் வந்தது.

நாலு வருஷம் அப்படியே சொன்னேன். குட் மேன், வெரி குட் மேன். முகத்தில் சிரிப்போடு சொல்லக் கற்றுக்கொண்டேன். சொன்ன ஒவ்வொரு முறையும் அந்த எட்டு பாட்டிலை மறுபடி திறந்து ஊற்றிய மாதிரி இருக்கும். அவர் பழி வாங்கியது என்னைவிட நேர்த்தியாக இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். என் கஞ்சி மட்டும் நாலு வருஷமும் கொதித்துக்கொண்டே இருந்தது.

புது வார்டு உறுப்பினர் வந்த பிறகு, எங்கள் பிள்ளைகள் சுத்தமான கன்னடத்தில் மனு எழுதிக் கொடுத்து, லைனுக்குக் கார்ப்பரேஷன் குழாய் வந்தது. பிள்ளைகளின் வாயில் எங்களுக்கிருந்த பயம் இல்லை. ஒரு புதன்கிழமை காலை ஆறு மணிக்குத் தண்ணீர் விட்டார்கள். இருபத்திரண்டு வீட்டிலும் குடம், அண்டா, சட்டி, டம்ளர் எல்லாம் நிறையும் வரை காத்திருந்தேன். ஒரு வாரம் தினமும் வருகிறதா என்றும் பார்த்தேன். வந்தது.

எட்டாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு வேலைக்குப் போனேன். புல்வெளியில் வந்திருந்த பத்துப் பன்னிரண்டு பேர் காலைச் சாப்பாட்டில் இருந்தார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, இவர்தான் அந்தக் குழாய்க்காரப் பெண் என்று அறிமுகப்படுத்தினார். கண்ணாடி போட்ட ஒருவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். முதலாளி வழக்கமான பதிலுக்குச் சிரித்துக்கொண்டே காத்திருந்தார்.

"நோ," என்றேன். "நாட் குட் மேன்."

முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். கண்ணாடிக்காரர் கையை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டு, எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்கார்ந்தேன். கிணற்றிலிருந்து ஆரம்பித்து, ஒன்று விடாமல், அரை மணி நேரம் சொன்னேன். அது முடியும் வரை அந்த முதலாளி நின்றுகொண்டே இருந்தான்.